சுவிஸுக்குச் செல்லும் கச்சான் அல்வா: அனுப்புமுன் கவனிக்க

முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் விளைந்த கச்சானையும் எள்ளையும் கொண்டு நம் பெண்கள் சிரத்தையோடு செய்த அல்வாவும் எள்ளுருண்டையும், சுவையில் யாதொரு குறையுமின்றிச் சூரிச் வரை சென்றும், நியதி அறியாமையால் கடைத்தட்டில் ஏறாது போவது பெரும் நஷ்டமாதலின், பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

1. பிடுங்கிய கச்சானை வெறுந்தரையில் போடாது படங்கில் பரப்பி உலர்த்துங்கள். உலுக்குகையில் கோதினுள் பருப்புக் கலகலக்கும்வரை மூட்டை கட்டாதீர்கள். சுருங்கியவற்றையும் நிறம் மாறியவற்றையும் கையால் பொறுக்கி எறியுங்கள். ஈரத்தில் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்லாடொக்சின் என்னும் விஷம் வறுத்தாலும் முற்றாக நீங்காது. ஐரோப்பிய ஒன்றியமோ உண்ணத் தயாரான கச்சானில் கிலோவுக்கு மொத்தம் 4 மைக்கிரோகிராமுக்கு மேல் அதனை அனுமதிப்பதில்லை. உறைப்பிழையைத் திருத்திவிடலாம், இப்பிழைக்குப் பரிகாரமே இல்லை.

2. உறை விபரங்களை ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் அச்சிடுங்கள். தமிழ் மாத்திரம் அங்கே போதாது.

3. சேர்மானப் பட்டியலில் கச்சான், எள் என்பவற்றைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள். ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு ஒரு கடியே பிராணாபத்தாகலாம்.

4. நெய்யைத் தவிருங்கள், பாற்பொருளின் இறக்குமதிக்குத் தனியான, கடுமையான விதிகள் உண்டு.

5. வெண்மையூட்டும் டைட்டேனியம் டயொக்சைட் கலந்த அலங்கார மணிகளைத் தூவாதீர்கள்; 2022இல் ஐரோப்பிய ஒன்றியமும் சுவிஸும் அதனை உணவில் தடைசெய்துவிட்டன.

6. நிறையைக் கிராமில் குறித்து, உற்பத்தி நாட்டையும் காலாவதித் திகதியையும் தெளிவாக இடுங்கள். அவையின்றி அங்குள்ள வியாபாரி அப்பொதியை விற்க முடியாது.