செம்புத் தண்ணீரும் விதவையின் எண்ணெயும்

வேதபகுதி: 2 இராஜாக்கள் 4:1-7, அப்போஸ்தலர் 8:9-24

"விசுவாசி மேஜிக் ஷோ பார்க்கலாமா ஐயா?" என்று குன்னம் வாலிபர் கூட்டத்திலே ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. கொல்கத்தா போயிருந்தபோது பி.சி. சர்க்கார் ஜூனியரின் 'இந்திரஜால்' காட்சியை நான் பார்த்திருக்கிறேன். அதை வைத்தே இந்தப் பாடத்தைத் தியானிப்போம்.

அவர் ஒரு செம்பைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டுவார். காலி! அடுத்த வித்தை முடிந்ததும் கவிழ்ப்பார். மறுபடியும் தண்ணீர்! இதன் பெயர் 'வாட்டர் ஆஃப் இந்தியா'. இரகசியம் இதுதான்: செம்புக்கு இரட்டைச் சுவர், நடுவிலே தண்ணீர், மேலே சின்னக் காற்றுத் துளை. துளையை விரலால் அடைத்தால் தண்ணீர் வராது. விரலை எடுத்தால் ஊறும்.

இவர் தகப்பனார் பி.சி. சர்க்கார், 1956 ஏப்ரல் 9-ல் லண்டன் பி.பி.சி. டெலிவிஷனிலே ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுப்பதாய்க் காட்டினார். அவள் எழும்புமுன்னே நிகழ்ச்சி முடிந்துபோயிற்று. செத்துப்போனாளோ என்று ஜனங்கள் பதறிப்போய் போன்மேல் போன் போட்டார்கள். அவளுக்கோ ஒரு கீறலும் இல்லை. கண்ணாரக் கண்டதும் பொய்யாகலாம், பார்த்தீர்களா?

அப்படியானால் அற்புதத்தை எப்படிச் சோதித்தறிவது?

1. யாருக்குப் பெயர்? மேடைக்காரர் "இது வித்தை" என்றே டிக்கெட் விற்கிறார். சமாரியாவின் சீமோனோ தன்னையே பெரியவனாக்கிக் கொண்டான். ஆபத்து அங்கேதான்.

2. யாருக்குப் பிரயோஜனம்? செம்புத் தண்ணீர் ஒருவர் கடனையும் அடைத்ததில்லை. விதவையின் எண்ணெயோ கடனைத் தீர்த்தது, இரண்டு பிள்ளைகளை அடிமைத்தனத்திலிருந்து மீட்டது. அதுவும் பூட்டிய கதவுக்குள்ளே! விளக்கு இல்லை, கைதட்டல் இல்லை.

3. யாருக்குப் பணம்? பேதுரு சீமோனின் பணத்தைத் தள்ளினார். எலிசா நாகமானிடம் ஒன்றும் வாங்கவில்லை.

ஆகவே தம்பி, வித்தையை வித்தை என்று தெரிந்து பார்க்கிறவன் ஏமாறுவதில்லை. ஆனால் "சர்க்கரை மாத்திரையை நிறுத்து, ஆஸ்பத்திரிக்கு வைத்த பணத்தைக் காணிக்கையாய்க் கொடு, அற்புதம் நடக்கும்" என்று ஒருவன் வீட்டுக்கு வந்தால், அவன் கையிலே வேதபுத்தகமே இருந்தாலும், இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மாத்திரையை நிறுத்தாதேயுங்கள். பணத்தையும் கொடாதேயுங்கள். நம் தேவனுக்கு இரட்டைச் சுவர் செம்பு தேவையில்லை. ஆமென்!