வயிற்றுக் குழாயை மாற்ற நேரும்போது

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோரிடம் "குழாயை எடுத்துவிட வேண்டும்" என்று நாங்கள் கூறினால், பலரும் சிகிச்சையே தோற்றுவிட்டதாக எண்ணிக் கலங்குகின்றனர். நாங்கள் காக்க முயல்வது குழாயை அன்று. வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வை. இரத்தத்திலுள்ள கழிவுகள் அச்சவ்வின் வழியாகவே திரவத்துக்குள் இறங்குகின்றன. குழாய்க்கு மாற்று உண்டு, சவ்வுக்கு இல்லை.

திரவம் சரியாக வடியாவிட்டால் உடனே அறுவை சிகிச்சை என்று அஞ்ச வேண்டியதில்லை. நாங்கள் முதலில் கேட்பது சிலருக்குச் சிரிப்பூட்டும்: "மலம் ஒழுங்காகக் கழிகிறதா?" மலச்சிக்கலால் உப்பிய குடல் குழாயை நெருக்கும்; அதன் நுனியை இடம்பெயர்க்கவும் கூடும். மலமிளக்கி கொடுத்த அளவிலேயே வடிதல் சீராவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். (அதையும் நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம், சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாத பாஸ்பேட், மெக்னீசியம் சிலவற்றில் உண்டு.) பயனில்லையெனில் எக்ஸ்ரே எடுத்து, நுனி இடுப்புக்குழியில் உள்ளதா, குழாய் மடங்கியுள்ளதா என்று பார்க்கிறோம். வயிற்றினுள் உள்ள கொழுப்புத் திரை குழாயைச் சுற்றியிருந்தால் லேப்ராஸ்கோப் மூலம் விடுவிக்கலாம். அதுவும் இயலாதபோது பழையதை எடுத்த அதே வேளையில் புதியதைப் பொருத்திவிட முடியும்.

வயிற்றறைத் தொற்றின் நிலை வேறு. கிருமிகள் குழாயின்மேல் பிசின் போன்ற படலம் அமைத்து அதனுள் பதுங்குகின்றன. மருந்து அங்கே போதிய அளவு எட்டுவதில்லை. தக்க ஆண்டிபயாடிக் 5 நாள் கொடுத்தும் வடிநீர் தெளியும் குறி இல்லையெனில் குழாயை அகற்றுகிறோம். பூஞ்சைத் தொற்றெனில் அவ்வளவு நாளும் காத்திருப்பதில்லை. புதிய குழாய்க்குக் குறைந்தது 2 வாரமாவது ஆகும். அதுவரை கழுத்து இரத்தநாளத்தில் தற்காலிகக் குழாயிட்டு ஹீமோடயாலிசிஸ் செய்கிறோம். கடுந்தொற்றுக்குப் பின் சவ்வு ஒட்டிப்போய், வயிற்றுவழிக்குத் திரும்ப இயலாதோரும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

எங்களை வருத்துவது வேறொன்று. குழாய் போய்விடுமோ என்ற அச்சத்தில், பை கலங்கியிருப்பதைக் கண்டும் இரண்டு மூன்று நாள் வீட்டாரிடம்கூடச் சொல்லாதிருப்போர் வருகின்றனர். அந்நாள்களில் குழாய் தப்புவதில்லை, சவ்வுதான் சேதமடைகிறது.

வடிந்த பையைச் செய்தித்தாளின்மேல் வைத்துப் பாருங்கள். எழுத்துகள் தெளிவாகத் தெரியாவிடில், வயிற்றுவலி இல்லையென்றாலும், பையைக் கொட்டாமல் அப்படியே எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். இரவானாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.