வில்லும் எண்ணெயும்
(மோட்டார் வண்டியில் அதிர்வு தணியுமாறு)

ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் என்னும் பெயர்களை யாழ்ப்பாணத்தில் அறியாதார் இலர். 1990களில் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தே மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவை அவ்வண்டிகளே. அவற்றின் எஞ்சினைப் புகழ்ந்து பேசுவார் பலர். சக்கரத்தருகே மறைந்து கிடக்கும் ஒரு சிறு பெட்டியை நினைப்பாரோ மிகச் சிலர். 'சொக் அப்சோபர்' என்று நாம் சொல்லும் அதனை இக்கட்டுரையில் தணிப்பான் என வழங்குவோம்.

தமிழாசிரியனுக்கு இதிலே என்ன வேலை என்று பழைய மாணவர் வினவக்கூடும். சிறு வயதிற் கண்ட ஒரு நிகழ்ச்சியே காரணம். என் மாமாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. வீதியில் ஒரு பள்ளம் வந்தால், அதனைக் கடந்த பின்னும் நெடுநேரம் வண்டி தலையாட்டிக்கொண்டே செல்லும். இதனைப் பொறாத மாமா, தணிப்பானிலே மிகத் தடித்த எண்ணெயை நிரப்பினார். ஆட்டம் நின்றது, யாவரும் மெச்சினோம். சில நாட்களின் பின், அலையலையாகக் கிடந்த மக்கி வீதியின் வளைவொன்றில் அதே வண்டி வழுக்கிப் பனையோலை வேலிக்குள் புகுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆட்டம் ஒழிந்த வண்டி ஏன் வழுக்கிற்று? இவ்வினாவுக்கு விடை காண எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

முதலில் வில்லை நோக்குவோம். சக்கரம் மேட்டில் ஏறும்போது வில் சுருங்குகிறது. அவ்வாறு பெற்ற சக்தியை வில் அழிப்பதில்லை. சேமித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது. ஆதலால் மேடு கடந்த பின்னும் வண்டி மேலும் கீழும் அலைகிறது. மாமரத்திற் கட்டிய ஊஞ்சலை ஒருமுறை தள்ளினால் அது பலமுறை ஆடுவது போன்றதே இது. ஊஞ்சலில் இருக்கும் சிறுவன் காலை மணலில் உராய்வானாயின் ஆட்டம் விரைவில் அடங்கும். அக்காலின் வேலையைத் தணிப்பான் செய்கிறது.

மணலுக்குப் பதிலாக இங்கே பயன்படுவது எண்ணெய். பிஸ்ரன் எனப்படும் முசலம் எண்ணெயைச் சிறு துளைகள், வால்வுகள் வழியே நெருக்கிச் செலுத்துகிறது. அந்நெருக்கத்தில் அசைவின் சக்தி வெப்பமாக மாறுகிறது. குண்டும் குழியுமான வீதியில் நெடுந்தூரம் ஓடிய வண்டியின் தணிப்பான் சூடேறியிருப்பது இதனாலேயாம்.

கிணற்றடித் தொட்டி நீரிலே கையை மெல்ல அசைத்துப் பாருங்கள்; தடை தோன்றாது. விரைந்து வீசினால் நீர் கையை எதிர்க்கும். தணிப்பானின் இயல்பும் அதுவே. வில்லின் விசை, அது எவ்வளவு சுருங்கிற்று என்பதைப் பொறுத்தது. தணிப்பானின் விசை, அது எவ்வளவு விரைவாக அசைகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே நிற்கும் வண்டியைத் தாங்குவது வில். ஓடும் வண்டியை அடக்குவது தணிப்பான்.

அடக்கம் எவ்வளவு வேண்டும் என்பதே அடுத்த வினா. நிலையைத் தாண்டி ஒருமுறையேனும் ஆடாமல், இயன்றவரை விரைவாக அமைதியடையச் செய்யும் அளவினை அவதித் தணித்தல் என்பர். அதனை 1 எனக் கொண்டால், சொகுசாக ஓடும் வண்டிகளில் தணிப்பு ஏறக்குறைய 0.2 முதல் 0.3 வரை இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்களில் அதனினும் மிகுதியாக இருக்கும். வண்டியின் உடல் ஒரு செக்கனில் ஏறக்குறைய ஒருமுறையும், சக்கரம் பத்து முறைக்கு மேலும் ஆட வல்லன. இவ்விரண்டு ஆட்டங்களையும் ஒரே தணிப்பான் அடக்கவேண்டியிருப்பதே இதிலுள்ள சிக்கல். வில் சுருங்கும்போது தடை குறைவாகவும், மீளும்போது மிகுதியாகவும் வால்வுகளை அமைப்பது வழக்கம். சுருங்கும்போது தடை மிகுந்தால் மேட்டின் அடி நேரே உடலைத் தாக்கும். மீளும்போது வில்லின் சேமிப்புச் சக்தியை அடக்குதல் வேண்டும்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனருக்கும் அதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் முன் தணிப்பான் நெம்பு வகையைச் சேர்ந்தது. அதன் புயமே சக்கரத்தைப் பிடிக்கும் மேற்புயமுமாகும். எனவே அப்புயத்தின் அச்சு தேய்ந்தால் தணிப்பு மட்டுமன்றிச் சக்கரத்தின் நிலையும் பிழைபடும். வளைவில் வண்டி இறுதியாக எவ்வளவு சாயும் என்பதை வில் முதலியன தீர்மானிக்கும். எவ்வளவு விரைவாகச் சாயும் என்பதையே தணிப்பான் தீர்மானிக்கும். ஸ்ரியரிங்கைத் திருப்பியவுடன் ஸ்போர்ட்ஸ் கார் இசைந்து திரும்புவதிலே தணிப்பானுக்குப் பெரும் பங்குண்டு.

இனி மாமாவின் வண்டிக்கு வருவோம். தணிப்புக் குறைந்தபோது சக்கரம் துள்ளி நிலத்தை விட்டது. இதனை எல்லோரும் கண்டோம். தணிப்பு மிகுந்தபோது மேட்டில் ஏறிய சக்கரம் அடுத்த பள்ளத்துக்குள் உரிய வேளையில் இறங்க மாட்டாது தொங்கிற்று. இதனை ஒருவரும் காணவில்லை. இரு நிலையிலும் ரயர் நிலத்தைப் பற்றவில்லை. பற்றாத ரயருக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. குலுக்கத்தை ஒழிப்பதே தணிப்பானின் நோக்கம் என மாமா எண்ணினார். ரயரை நிலத்தோடு சேர்த்து வைப்பதே அதன் முதற் கடமை.

இதனை இன்று எழுத வேண்டிய தேவை ஒன்றுண்டு. 2009இன் பின் நம் பெருவீதிகள் பல காப்பெற் வீதிகளாயின. முன்னர் வண்டியின் குறையை வீதியே குலுக்கிக் காட்டிற்று. வழவழப்பான வீதி அதனைக் காட்டுவதில்லை. வேகமோ கூடிவிட்டது. குறுக்கே மாடு பாயும் அந்தக் கணத்தில் குறையை அறிவதாற் பயன் யாது?

பழைய வண்டி வைத்திருப்போர் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. வண்டியின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விடுக. அது எழுந்து, ஏறக்குறைய ஓர் ஆட்டத்தில் அமைதல் வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால், அல்லது தணிப்பானில் எண்ணெய்க் கசிவு காணப்பட்டால், பழுது பார்ப்பவரிடம் காட்டுக. எண்ணெய் குறைந்திருப்பின் உரிய வகை எண்ணெயையே இடுக. தடித்த எண்ணெய் மருந்தன்று. நான்கு மூலைகளையும் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். அடுத்த பயணத்துக்கு முன் அதனைச் செய்யுமாறு பழைய மாணவர்களை அன்புடன் வேண்டுகிறேன்.