ஹீட்டர் இல்லாத லாரியில் ஹீட்டர் வழிக் கசிவு

விருத்தாசலம்



லாரி என்ஜினைச் சுற்றி ஓடும் சுடுநீரில் ஒரு பங்கை ஓட்டுநர் அறைக்குக் கொண்டுபோய், அங்குள்ள சிறு ரேடியேட்டரில் அதன் வெப்பத்தை இறக்கிவிட்டு, மீண்டும் தண்ணீர்ப் பம்புக்கே திருப்பி அனுப்பும் ரப்பர்க் குழாய் ஹீட்டர் ஹோஸ் எனப்படும்; அதைப் பூட்டுவதற்காக என்ஜின் ஹெட்டிலோ பிளாக்கிலோ மரை வெட்டித் திருகியிருக்கும் சிறு உலோக முனைக்கு நிப்பிள் என்று பெயர். காஷ்மீருக்குப் பழம் ஏற்றப் போகும் வண்டிக்கு இந்த ஏற்பாடு இன்றியமையாதது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்கு நெய்வேலியிலிருந்து களிமண் கொண்டுவரும் வண்டிக்கோ ஆண்டு முழுவதும் அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் என்ஜின் வார்ப்பு எல்லா ஊருக்கும் ஒன்றே என்பதால் துளை மட்டும் இருந்துகொண்டே இருக்கிறது. சில வண்டிகளில் அத்துளைக்கு டம்மி பிளக் போட்டு மூடியிருப்பார்கள். சிலவற்றில் போகிற முனையையும் வருகிற முனையையும் ஒரு துண்டு ஹோஸால் வளைத்து இணைத்திருப்பார்கள். பயன்படாத உறுப்பை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. பழைய லாரிகளில் இந்த இடம் ஒழுகுவதற்கும், ஒழுகுவது நெடுநாள் தெரியாமல் போவதற்கும் முதற்காரணம் அதுவே.

இவ்வூர் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சுரங்கத்துக் களிமண்ணின் நுண்தூள் என்ஜின் முழுவதும் படிந்திருக்க, கசியும் நீர் அதில் ஊறிச் சேறாகி, என்ஜின் சூட்டில் காய்ந்து, நிப்பிளைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொருக்காக இறுகிவிடுகிறது. அந்தப் பொருக்கே சில நாள் கசிவை அடைத்தும் வைக்கும். ஆகவே வெளியே நீர் சொட்டவில்லை என்பதை வைத்து மூட்டு நலமாக இருப்பதாக முடிவு கட்டக் கூடாது. பொருக்கின் ஓரத்தில் பச்சையோ வெள்ளையோ ஆன உப்புக் கோடு தெரிந்தால் அங்கே கூலண்ட் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். கூலண்ட் என்பது எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தோடு துருத்தடுப்பு மருந்துகள் சேர்ந்த கலவை. அது இனிக்கும், ஆனால் நஞ்சு; கழற்றும்போது வடியும் கூலண்டைப் பட்டறை நாய் நக்கும்படி தரையில் விடுவதும், மணிமுத்தாற்றுப் பக்கம் போகும் வாய்க்காலில் ஊற்றுவதும் பெரும் தவறு.

கம்பித் தூரிகையால் பொருக்கைச் சுரண்டித் துடைத்த பிறகே கசிவு எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியும். ஹோஸுக்கும் நிப்பிளுக்கும் இடையே வருவது ஒன்று, நிப்பிளுக்கும் வார்ப்புக்கும் இடையே மரை வழியாக வருவது வேறொன்று, நிப்பிளின் கழுத்தே அரித்து ஊசித்துளை விழுந்திருப்பது மற்றொன்று. முதலாவது எளிய வேலை: கெட்டிப்பட்ட ஹோஸின் முனையை ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, நிப்பிள் முனையில் உள்ள மேட்டைத் தாண்டி ஹோஸை ஏற்றி, மேட்டுக்குப் பின்னால் கிளிப்பை வைத்து முடுக்கினால் தீர்ந்தது, கிளிப் அந்த மேட்டின் மீதே உட்கார்ந்தால் எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது. ஹோஸை அமுக்கும்போது நொறுநொறுவென்று சத்தம் வந்தாலும், எண்ணெய் பட்டு உப்பியிருந்தாலும் வெட்டி ஒட்டுப்போடாமல் புது ஹோஸ் வாங்கிவிடுவதே சிக்கனம்.

மரை வழிக் கசிவுதான் அறிவைச் செலவிட வேண்டிய இடம். விடியற்காலையில் குளிர்ந்த என்ஜினில் சொட்டுகிறது, வண்டி பத்துக் கிலோமீட்டர் ஓடியபின் நின்றுவிடுகிறது என்று ஓட்டுநர் சொன்னால், பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. செராமிக் கல்லூரியில் படித்தவருக்கு இது புதிராக இருக்க வேண்டியதில்லை. கிளேஸ் என்னும் மேற்பூச்சும் உள்மண்ணும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் ஆறிய பாண்டத்தின் மேல் வலைபோல் வெடிப்பு விழும் என்று அங்கே முதலாண்டிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பித்தளை நிப்பிளும் வார்ப்பிரும்புத் துளையும் அதே உறவில்தான் இருக்கின்றன. ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 11 பங்கு வார்ப்பிரும்பு விரியும்போது பித்தளை 19 பங்கு விரிகிறது. 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள முனையில் 60 டிகிரி ஏற்றத்துக்கு இந்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே வரும். அற்ப அளவுதான், ஆனால் சூட்டில் ஒவ்வொரு நாளும் நெருக்குண்டு நசுங்கும் பித்தளை, ஆறும்போது பழைய அளவுக்குச் சற்றுக் குறைவாகவே திரும்புகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் குளிர்ந்த நிலையில் ஒரு மெல்லிய இடைவெளி நிலைத்துவிடுகிறது. அலுமினிய வார்ப்பில் எஃகு நிப்பிள் இருந்தால் நிலைமை தலைகீழ்: அலுமினியம் 23, எஃகு 12 என்பதால் சூட்டில்தான் துளை அகன்று ஒழுகும். ஆகவே எப்போது ஒழுகுகிறது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையிலிருந்தே நோயின் பாதி விளங்கிவிடும்.

மறுபாதி, மரை எந்த நாட்டு வழக்கைச் சேர்ந்தது என்பதில் உள்ளது. டாடா நிறுவனம் 1954 முதல் 1969 வரை ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து லாரி செய்தது. அசோக் லேலண்ட் 1955-இல் அப்பெயரைப் பெற்றபோது அதன் கூட்டாளி இங்கிலாந்தின் லேலண்ட். 1993-இல் தொடங்கிய டாடா கம்மின்ஸின் என்ஜின் அமெரிக்க வடிவமைப்பு. இப்படிப் பேட்டைத் தெருவில் வரிசையாக நிற்கும் மூன்று பழைய லாரிகள் மூன்று நாட்டு மரபுகளைச் சுமந்து நிற்கக்கூடும். ஜெர்மானிய வழக்கில் நேர்மரையும் செப்பு வாஷரும் மிகுதி. அங்கே கசிவைத் தடுப்பது வாஷர், மரையன்று. பிரிட்டிஷ், அமெரிக்க வழக்குகளில் முனை நோக்கிக் குறுகும் சரிவு மரை மிகுதி. அதில் மரையே ஆப்புப்போல் இறுகிக் கசிவைத் தடுக்கிறது. பிரிட்டிஷ் சரிவு மரையும் அமெரிக்கச் சரிவு மரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அரை அங்குல அளவில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைகளே. ஆனால் பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரையின் கோணம் 60 டிகிரி. கால் அங்குலத்தில் எண்ணிக்கையே மாறி, முன்னதற்கு 19, பின்னதற்கு 18.

கடைத்தெருவில் வீட்டுக் குழாய்க்கு விற்கும் ஜிஐ நிப்பிள் பிரிட்டிஷ் மரை. அதை அமெரிக்க மரைத் துளையில் திருகினால் சில சுற்று நன்றாகவே பிடிக்கும், திருகியவருக்கும் மனநிறைவு கிடைக்கும். இரண்டு நாளில் சுருள் இடுக்கின் வழியே நீர் வெளிவரும். போதாக்குறைக்கு ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு; கூலண்டிலுள்ள மருந்து துத்தநாகத்தோடு வினைபுரிந்து கசடாகிவிடும். இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், பழைய லாரிகளில் காணப்படும் தவறான பழுதுபார்ப்புகளில் பெரும்பங்கு இந்த ஒன்றுதான் என்பதே. முன்பு வேலை பார்த்தவர் என்ன மரை வெட்டிவைத்தார் என்பதும் தெரியாதாகையால், வண்டியின் பெயரை நம்பாமல் பிட்ச் கேஜ் என்னும் மரை அளவியைக் கழற்றிய நிப்பிளின் மேல் வைத்துப் பார்த்த பின்பே கடைக்குப் போக வேண்டும்.

கழற்றும் வேலையில் அவசரம் கூடாது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறப்பவர் முகம் வெந்துபோகும். மூடி அரை பார் அழுத்தம் தாங்குவதானால் உள்ளே உள்ள வெறும் தண்ணீரே 111 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும், திறந்த கணத்தில் ஆவியாகிப் பீறிடும். என்ஜின் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பின்னர் கூலண்டை வடித்து, துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே விட்டு ஊறவைத்து, ஆறுபக்க சாக்கெட்டால் முதலில் ஒரு மயிரிழை முடுக்கிப் பார்த்துப் பிறகு தளர்த்துவது பழைய கைகளின் முறை. பைப் ரிஞ்சால் நிப்பிளின் கழுத்தைப் பிடித்தால் அது நசுங்கி முறியும். முறிந்த துண்டை ஈஸி அவுட் என்னும் கருவி போட்டு எடுக்க அரை நாள் போகும். சரிவு மரைத் துளைக்குள் மரை வெட்டும் கருவியான சரிவு டாப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்யும்போது டாப்பில் கிரீஸ் தடவிக்கொண்டால் இரும்புத் தூள் உள்ளே விழாமல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சரிவு மரையுள்ள புது முனையைப் பூட்டுகையில் டெஃப்லான் டேப்பை முதல் மரையை விட்டுவிட்டு, திருகும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். முதல் மரையிலும் சுற்றினால் நுனி கிழிந்து, நூலாகி, சூட்டுக்கேற்ப நீர்வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டில் போய்ச் சிக்கும். கையால் இறுகும் மட்டும் திருகி, அதன்மேல் ஸ்பேனரால் ஒன்றரை முதல் இரண்டு சுற்று. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு கால் சுற்றும் வார்ப்பின் விளிம்பைப் பிளக்கும் ஆப்பு. முனையின் வாய் வேண்டிய திசைக்குத் திரும்பவில்லை என்று பின்னோக்கித் தளர்த்தினால் டேப் விட்டுவிடும்; கழற்றி மறுபடியும் சுற்றுவது ஒன்றே வழி.

எம்-சீல் என்னும் ஒட்டுப்பசையைப் பூசுவதும், ரேடியேட்டரில் மஞ்சள்தூள் கொட்டுவதும் உளுந்தூர்பேட்டைச் சாலையில் நடுராத்திரி நின்றுபோன ஓட்டுநருக்கு மன்னிக்கத்தக்க வழிகள். பட்டறையில் நின்றுகொண்டு செய்பவருக்கு அல்ல. எம்-சீல் வெளியிலிருந்து ஒட்டுகிறது, அழுத்தம் உள்ளிருந்து தள்ளுகிறது. மஞ்சள்தூள் கசியும் இடத்தை மட்டும் தேடிப் போவதில்லை, ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும்.

இனி அடிப்படையான கேள்விக்கு வருவதானால், ஹீட்டர் இல்லாத வண்டியில் வளைத்துக் கட்டிய ஹோஸை வைத்திருப்பதில் பொருளே இல்லை. இரண்டு நிப்பிள், ஒரு ஹோஸ், இரண்டு கிளிப் என ஒழுகக்கூடிய நான்கு மூட்டுகளுக்குப் பதில் சரியான மரையுள்ள இரண்டு டம்மி பிளக்குகள் போதும். ஒரே விலக்கு: சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது நீர் சுழல்வதற்கோ, காற்று வெளியேறுவதற்கோ அதே வழி பயன்படும், ஏர் கம்பிரசரைக் குளிர்விக்கும் நீர்க்குழாயும் அதில் இணைந்திருக்கலாம். குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, கம்பெனிக் கையேட்டோடு ஒப்பிடாமல் எதையும் அடைக்கக் கூடாது.

மூட்டு முடிந்தபின் கூலண்டை மெதுவாக ஊற்றி, மூடி திறந்த நிலையிலேயே என்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கும்போது மறுபடி நிரப்ப வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றினால் சுண்ணாம்பு படியும். உள்ளே காற்று தங்கினால் ஹெட் சூடேறுவது டிரைவருக்குத் தெரியவே தெரியாது. சூட்டு மானியின் முனை நீரில் மூழ்கியிருந்தால்தான் முள் உண்மை சொல்லும், நீர் இறங்கிவிட்டால் முள் கீழேயே நிற்க, ஹெட் கேஸ்கட் எரிந்துபோகும்.

மறுநாள் விடியலில், என்ஜினைத் தொடங்குமுன், வெள்ளைத் துணியை மூட்டின்மேல் வைத்து ஒற்றிப் பார்த்து, துணி உலர்ந்திருந்தால் மட்டும் வண்டியில் லோடு ஏற்றலாம். ஈரமிருந்தால் அன்றைய நெய்வேலி லோடை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டு மரையை மீண்டும் அளந்து பார்க்க வேண்டும்.


பெரியப்பா