கவரைத் திருப்பிப் பாருங்க!

ஏற்காட்டில் விமான நிலையம் கிடையாது. கிட்டத்தில் இருப்பது மலைக்குக் கீழே, ஓமலூர் பக்கம் காமலாபுரம்தான். ஆனாலும் 1932-லேயே லண்டனில் போட்ட ஒரு கடிதம், பெரும்பாலான தூரத்தை விமானத்தில் கடந்து சேர்வராயன் மலையின் காபித் தோட்டம் ஒன்றுக்கு வந்திருக்க முடியும்.

அந்த வருஷம் அக்டோபர் 15. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சி வரைக்கும் கொண்டுவந்த தபாலை ஜே.ஆர்.டி. டாடா ஒரு குட்டி 'புஸ் மாத்' விமானத்தில் ஏற்றிக்கொண்டு, அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். மொத்தச் சுமை சுமார் 25 கிலோ, அவ்வளவுதான். அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் வந்தது மாட்டு வண்டியில்! பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் ஓட்டினார். இரவு பெல்லாரியில் தங்கல், 16-ஆம் தேதி சென்னை. அதற்கப்புறம் மலைக்கு வர வேண்டிய தபாலுக்கு வழக்கம்போல சேலம் ரயில், பிறகு மலைப்பாதை.

இப்படி ஒரு புதுத் தடத்தின் முதல் விமானத்தில் போன கவருக்குத்தான் 'முதல் பறப்பு உறை' என்று பெயர். சேகரிப்பாளர்கள் இதற்காகவே தங்களுக்குத் தாங்களே கடிதம் போட்டுக்கொள்வதும் உண்டு. 1911 பிப்ரவரி 18-ல் அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஹென்றி பெக்கே சுமார் 6,500 கடிதங்களோடு பறந்தார். அதில் வசூலான கூடுதல் கட்டணம் ஒரு மாணவர் விடுதிக்குப் போனது. (நம்ம ஹாஸ்டலுக்கு யாராவது பறந்தால் தேவலை!)

சரி, ஒரு கவர் நிஜமாகவே பறந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஏர் மெயில்' என்ற நீல லேபிளை நம்பாதீங்க, அதை யாரும் ஒட்டலாம். முன்பக்கத்தில் புறப்பட்ட ஊரின் முத்திரையையும் தேதியையும் பாருங்க. அப்புறம் கவரைத் திருப்புங்க. போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை பெரும்பாலும் பின்பக்கம்தான் இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களுக்கு 'ட்ரேஸ்ரூட்' என்றால் சட்டென்று புரியும். ஒவ்வொரு முத்திரையும் ஒரு 'ஹாப்'. மேலே சொன்ன விமானத்தில் வந்தது என்று ஒருத்தர் விற்கும் கவரில் சென்னை முத்திரை 15-ஆம் தேதி இருந்தால், விமானத்துக்கு முன்னாடியே தபால் வந்துவிட்டது என்று அர்த்தம். காசை பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்க.

பழைய எஸ்டேட் பங்களாக்களையும் தாத்தா வீட்டுப் பரண்களையும் காலி செய்யும்போது, கடிதக் கட்டுகள் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. போகிற போக்கில் யாராவது ஸ்டாம்பை மட்டும் வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக்கொள்வார்கள். விமானப் படம் போட்ட இந்திய ஸ்டாம்புகள் 1929-லேயே வந்துவிட்டன. தனி ஸ்டாம்பு இன்றைக்கும் கடையில் கிடைக்கும். ஆனால் வெட்டிய கவரின் பாதி முத்திரையும் பின்பக்கமும் போனால், அது எந்த வழியாக வந்தது என்ற சாட்சியும் போச்சு.

கையில் ஒன்று சிக்கினால் கவரை முழுசாக, உள்ளே இருக்கும் கடிதத்தோடு வையுங்க. ஏற்காட்டு ஈரத்தில் காகிதம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அதனால் காய்ந்த இடம் முக்கியம். செல்லோடேப் வேண்டாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.