அலைக்குப் பயம், சத்தத்துக்குப் பயமில்லை

காது, மூக்கு, தொண்டை மருத்துவரான என்னிடம் பெற்றோர் ஓயாமல் கேட்கும் கேள்வி இது: "டாக்டர், பிள்ளைக்கு ப்ளூடூத் ஹெட்போன் வாங்கித் தரலாமா? மூளையில் கட்டி வருமாமே?" ஆதாரமாக ஒரு வாட்ஸ்அப் செய்தியையும் நீட்டுவார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நம்பிக்கை: ப்ளூடூத் ஹெட்போனால் மூளைப் புற்றுநோய் வரும்.

வராது. முதலில் அந்தச் செய்தியைப் பார்ப்போம். "ஏர்பாட்ஸ் ஆபத்தானது என்று 250 விஞ்ஞானிகள் எச்சரிக்கை" என்கிறது அது. அந்த விஞ்ஞானிகளின் விண்ணப்பம் 2015இல் ஐ.நா. சபைக்கு அனுப்பப்பட்டது. செல்போன், கோபுரம், வைஃபை என்று மின்காந்த அலைகளைப் பற்றிப் பொதுவாகப் பேசியது. ஏர்பாட்ஸ் விற்பனைக்கு வந்ததோ 2016 டிசம்பரில். 2019இல் சில செய்தித் தளங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டன. அந்த முடிச்சைத்தான் படித்தவர்களும் இன்றுவரை சுமந்துகொண்டு திரிகிறார்கள்.

"மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கும் அதே அலைதானே?" என்பது அடுத்த வாதம். அலைவரிசை ஏறக்குறைய ஒன்றுதான், 2.4 கிகாஹெர்ட்ஸ். ஆனால் அடுப்பு 800 வாட்டில் சமைக்கிறது. ஹெட்போன்களில் பரவலாக இருக்கும் இரண்டாம் வகுப்பு ப்ளூடூத்தின் உச்சவரம்பு 2.5 மில்லிவாட். மூன்று லட்சம் மடங்கு வித்தியாசம்! அதோடு, இது எக்ஸ்ரே போல மரபணுவை உடைக்கும் கதிர் அல்ல. இதன் ஒரு துகளுக்குரிய ஆற்றல், நாம் தினமும் பார்க்கும் வெளிச்சத்தின் துகளைவிட லட்சம் மடங்குக்கும் மேல் குறைவு.

2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் சேர்த்தது உண்மை. 'இருக்கலாம், ஆனால் சான்று போதாது' என்பதே அந்தப் பிரிவுக்குப் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும், ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. அந்த நிறுவனமே கேட்டுச் செய்த தொகுப்பாய்வு 2024இல் வந்தது. 63 ஆய்வுகளை அலசி, பத்தாண்டுக்கு மேல் செல்போன் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்று சொன்னது. என் துறையைச் சேர்ந்த செவிநரம்புக் கட்டியையும் சேர்த்துப் பார்த்துச் சொன்ன முடிவு அது.

ப்ளூடூத்துக்குப் பயந்து போனைக் காதோடு ஒட்டிவைத்துப் பேசுகிறவர்கள் கவனியுங்கள்: சிக்னல் குறைந்த இடத்தில் 4ஜி போன் 200 மில்லிவாட் வரை அனுப்பும். அலை குறைய வேண்டும் என்பவருக்கு ஹெட்போன்தான் நல்லது.

நம்பிக்கை: ப்ளூடூத் 5.3 என்றால் பாட்டுத் தரம் கூடும்.

கூடாது. பாட்டின் தரத்தில், ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையான கோடெக்குக்குப் பங்குண்டு. பதிப்பு எண்ணைப் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது. எஸ்பிசி என்னும் கோடெக் எல்லா ஸ்டீரியோ ஹெட்போனிலும் இருக்கும். ஐபோனுக்கு ஏஏசி போதும்; எல்டேக், ஆப்டிஎக்ஸ் இரண்டையும் அது ஏற்காது. உங்கள் போன் ஏற்காத கோடெக்குக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: டிரைவர் பெரிதாக இருந்தால் ஒலியும் சிறப்பு.

ஒலியை எழுப்பும் பாகமான டிரைவரின் மில்லிமீட்டர் கணக்கு விளம்பரத்துக்குத்தான் உதவும். காதில் சரியாகப் பொருந்தாத இயர்பட்ஸில் எவ்வளவு பெரிய டிரைவர் இருந்தாலும் பேஸ் கேட்காது. பெட்டியில் வரும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் மாட்டிப் பாருங்கள்.

நம்பிக்கை: நாய்ஸ் கேன்சலிங் காதைக் கெடுக்கும்.

நேர்மாறு. வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு எதிரலையை எழுப்பி அடக்குகிறது ஏஎன்சி. பஸ் எஞ்சின், ரயில், ஏசி ஆகியவற்றின் இரைச்சல் அடங்குவதால் குறைந்த வால்யூமிலேயே பாட்டுக் கேட்கிறது. பெட்டியில் 'ஈஎன்சி' என்று மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள்: அது நீங்கள் பேசுவது எதிர்முனைக்குத் தெளிவாகக் கேட்பதற்கானது, உங்கள் காதுக்கு அதனால் பயன் இல்லை. சாலையைக் கடக்கும்போது மட்டும் ஏஎன்சியை அணைத்துவிடுங்கள்.

நம்பிக்கை: விலை கூடினால் காதுக்குப் பாதுகாப்பு.

ஆயிரம் ரூபாய் நெக்பேண்டிலும் இருபதாயிரம் ரூபாய் ஹெட்போனிலும் 100 டெசிபல் என்பது 100 டெசிபல்தான்.

நான் கவலைப்படும் இடம் இதுதான். ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. செத்தால் மீண்டும் முளைக்காது. சத்தத்தால் கெட்ட காதை ஆடியோகிராமில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் விழும் பள்ளமே காட்டிக்கொடுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் சுமார் 20 நிமிடம். குழந்தைகளுக்கு 75 டெசிபலே வரம்பு. ஐபோனில் 'ஹெட்போன் சேஃப்டி', சாம்சங்கில் 'மீடியா வால்யூம் லிமிட்' இருக்கின்றன. கட்டி வருமோ என்று பதறும் பெற்றோரில் எத்தனை பேர் அவற்றைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள்?

பிள்ளைகள் வால்யூமைக் கூட்டுவதற்கு ஊரும் காரணம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. கூச்சலிடும் ஹாரன்களை மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. பள்ளி வாசலிலேயே ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போகிற பஸ்ஸை யார் நிறுத்துகிறார்கள்? திருமண மண்டபத்தில் ஆளுயர ஸ்பீக்கருக்கு எதிரே கைக்குழந்தையோடு உட்காருகிறோமே, அதை யார் கேட்கிறார்கள்? ஹெட்போன் வாங்கிய அன்றே போனில் வரம்பை வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைக்குக் கேட்புத்திறன் பரிசோதனை செய்யுங்கள். ஏர்ஹாரன் அடிக்கும் வண்டியின் எண்ணைக் குறித்துப் போக்குவரத்துக் காவலரிடம் புகார் கொடுங்கள். இல்லாத ஆபத்துக்கு எதிராகக் காட்டும் வேகத்தில் பாதியை இதில் காட்டினாலே நம் பிள்ளைகளின் காது பிழைக்கும்.