ஏரி யாருக்குச் சொந்தம்?

சித்தூர், திருப்பதிப் பகுதியில் ஏரிகள் நிறைய உண்டு. ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு இங்கே இல்லை. சுவர்ணமுகியில் மழைக் காலத்தில் வெள்ளம் வரும். மற்ற நாட்களில் பெரும்பாலும் மணல்தான் தெரியும்.

அதனால் முன்னோர் மழை நீரைத் தேக்கி வைத்தார்கள். தாழ்ந்த இடம் பார்த்து மண் கரை போட்டார்கள். அதுவே ஏரி. தெலுங்கில் அதைச் செருவு என்பார்கள்.

ஏரிக்கு நான்கு உறுப்புகள் முக்கியம். வரத்துக் கால்வாய் தண்ணீரைக் கொண்டு வரும். கரை அதைத் தடுத்து நிறுத்தும். மதகு வயலுக்குத் தண்ணீர் விடும். அதிகமான தண்ணீர் கலிங்கு வழியாக வெளியேறும். கலிங்கு சரியாக இல்லாவிட்டால் கரை உடையும். ஆங்கிலேயப் பொறியாளர்களும் இதைக் 'கலிங்குலா' என்றே எழுதினார்கள்.

இந்த ஏரி யாருக்குச் சொந்தம்? கரையைக் கட்டியவருக்கா? நிலத்தை ஆள்பவருக்கா? அரசாங்கத்துக்கா? இந்தக் கேள்வி இரண்டு முறை பெரிய நீதிமன்றங்களுக்குப் போனது. இரண்டு வழக்கும் இந்தப் பகுதியில் பிறந்தவை.

கல்லில் எழுதிய கணக்கு

நீதிமன்றங்கள் வருவதற்கு முன்பே இங்கே எழுத்துப் பதிவு இருந்தது. திருமலைக் கோயிலில் ஏராளமான கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை.

விஜயநகர மன்னர் காலத்தில் பலர் கோயிலுக்குப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு கோயில் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டினார்கள். புதிய தண்ணீரால் விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலில் சாமிக்குப் படையல் நடந்தது. யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்பதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்றும் அதைப் படிக்க முடிகிறது.

ரயில் கம்பெனியும் ஜமீன்தாரும்

புத்தூருக்கு அருகே கார்வேட்டிநகரம் உள்ளது. முன்பு அது ஒரு பெரிய ஜமீன். சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சித்தூர் தனி மாவட்டம் ஆனது 1911-இல்தான்.

ஜமீன் பகுதி வழியாக மெட்ராஸ் ரயில்வே கம்பெனி இருப்புப் பாதை போட்டது. ஒரு முறை மிகப் பலத்த மழை பெய்தது. ஜமீனைச் சேர்ந்த இரண்டு ஏரிகள் உடைந்தன. வெள்ளம் பாய்ந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தியது.

கம்பெனி ஜமீன்தார் மேல் வழக்குப் போட்டது. "ஏரி உங்களுடையது. தண்ணீரைத் தேக்கியவர் நீங்கள். அதனால் எங்கள் நஷ்டத்தை நீங்களே கொடுக்க வேண்டும்" என்பது அதன் வாதம்.

இந்த வாதத்துக்கு ஓர் ஆதாரமும் இருந்தது. இங்கிலாந்தில் 1868-இல் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. அங்கே ஒருவர் தண்ணீரைத் தேக்கினார். அது பக்கத்து நிலத்துச் சுரங்கத்தில் புகுந்தது. தேக்கியவர் மேல் தவறு இல்லாவிட்டாலும் அவரே நஷ்டத்தைத் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தச் சட்டம் இங்கும் பொருந்தும் என்றது ரயில் கம்பெனி.

சென்னை உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. கம்பெனி லண்டனுக்கு மேல்முறையீடு செய்தது. அந்தக் காலத்தில் இந்திய வழக்குகளுக்குக் கடைசி நீதிமன்றம் லண்டனில் இருந்தது. அதன் பெயர் பிரிவி கவுன்சில்.

1874-ஆம் ஆண்டுத் தீர்ப்பு

1874-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. ரயில் கம்பெனி தோற்றது. ஜமீன்தார் வென்றார்.

நீதிபதிகள் சொன்ன காரணம் இதுதான். இங்கிலாந்தில் அந்த மனிதர் தம் சொந்த லாபத்துக்காகத் தண்ணீரைத் தேக்கினார். கார்வேட்டிநகரத்து ஏரிகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை மிகப் பழையவை. அவற்றை நம்பித் திரளான மக்கள் வாழ்கிறார்கள். ஏரிகளைக் காத்துப் பழுது பார்ப்பது ஜமீன்தாரின் கடமை. அந்தக் கடமையை அவர் கவனமாகச் செய்திருந்தால், பெரு வெள்ளத்தால் வந்த நஷ்டத்துக்கு அவர் பொறுப்பாக மாட்டார்.

இதே தீர்ப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஏரிகளை இல்லாமல் செய்ய ஜமீன்தாருக்கு அதிகாரம் கிடையாது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள்.

இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஜமீன்தாரை வழக்கிலிருந்து காப்பாற்றியது எது? ஏரி ஊர் மக்களுக்கு உரிய பொதுக் காரியம் என்ற உண்மை. அதே உண்மை அவர் கையையும் கட்டியது. ஏரியை மூடி நிலத்தை விற்க அவரால் முடியாது.

பிறகு ஜமீன்களை ஒழிக்க 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஜமீன் ஏரிகள் அரசின் பொறுப்புக்கு வந்தன. அப்படியானால் அரசு ஏரியை மூடலாமா?

திருப்பதியில் இரண்டு ஏரிகள்

திருப்பதி நகரம் வேகமாக வளர்ந்தது. வீடு கட்ட இடம் போதவில்லை. நகரை ஒட்டி அவிலாலா ஏரி, பேரூரு ஏரி என்று இரண்டு பழைய ஏரிகள் இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் இந்த ஏரிகளின் நிலத்தை அரசு வீட்டு மனைகளுக்காக ஒதுக்கியது. நகர வளர்ச்சிக் குழுமம், வீட்டு வசதி வாரியம், தேவஸ்தானம் ஆகியவற்றின் கைக்கு நிலம் போனது.

ஊரில் சிலர் கவலைப்பட்டார்கள். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் சுற்றிலும் உள்ள கிணறுகள் ஊறும். ஏரி போனால் நிலத்தடி நீரும் கீழே போகும். அவர்கள் ஒரு மன்றமாகக் கூடினார்கள். அதன் பெயர் இன்டலெக்சுவல்ஸ் ஃபோரம். நிலத்தைக் கொடுக்க வேண்டாம் என்று அரசுக்கு மனு எழுதினார்கள். பலன் இல்லை. உயர் நீதிமன்றம் போனார்கள். அங்கே தோற்றார்கள். உச்ச நீதிமன்றம் போனார்கள்.

அரசுத் தரப்பிலும் நியாயம் சொல்லப்பட்டது. ஏரிகள் இப்போது பாசனத்துக்குப் பயன்படவில்லை, மக்களுக்கு வீடு வேண்டும் என்றார்கள்.

2006-இல் உச்ச நீதிமன்றம் மன்றத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஏரி, ஆறு, காடு போன்றவற்றுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே என்றது. அறங்காவலர் என்றால் பிறருடைய சொத்தைப் பாதுகாப்பவர். கோயில் தர்மகர்த்தா கோயில் நகையைத் தம் விருப்பம்போல் விற்க முடியுமா? முடியாது. ஏரியும் அப்படித்தான்.

இனிமேல் ஏரி நிலத்தில் கட்டடம் கட்டக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் குடியேறி வாழ்பவர்களின் வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை. அந்த வீடுகளில் கூரை மழை நீரைச் சேமிக்க வேண்டும் என்றது. பேரூரு ஏரியின் வரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்யச் சொன்னது. மழை நீர் பூமிக்குள் இறங்க நீர்க்கசிவுக் குளம் அமைக்கச் சொன்னது.

1874-க்கும் 2006-க்கும் இடையே 132 ஆண்டுகள். முதலில் ஜமீன்தாருக்குச் சொன்னதை நீதிமன்றம் பிறகு அரசுக்கும் சொன்னது. ஆனால் திருப்பதி வழக்கில் தீர்ப்பு வருவதற்குள் வீடுகள் எழும்பிவிட்டன. இழந்த ஏரி நிலம் முழுவதும் திரும்பக் கிடைக்கவில்லை. எனவே மனுவைத் தாமதம் இல்லாமல் கொடுக்க வேண்டும்.

மனு எழுதும் முறை

ஏரியைக் காப்பது அரசின் கடமை மட்டும் அல்ல. 1976-இல் அரசியல் சட்டத்தில் குடிமக்களின் கடமைகள் சேர்க்கப்பட்டன. காடு, ஏரி, ஆறு ஆகியவற்றைக் காப்பதும் அவற்றில் ஒன்று.

உங்கள் ஊரில் கலிங்கு உடைந்திருக்கலாம். கால்வாயை யாராவது அடைத்திருக்கலாம். அப்போது மனுவில் இவற்றை எழுதுங்கள்:

1. மனு யாருக்கு என்பது.
2. ஏரியின் பெயர், ஊர், தெரிந்தால் சர்வே எண்.
3. என்ன குறை, எப்போது முதல் என்பது.
4. எத்தனை குடும்பங்களுக்குப் பாதிப்பு என்பது.
5. என்ன செய்ய வேண்டும் என்பது.
6. தேதியும் கையொப்பங்களும்.

மனுவை ஊராட்சியில் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியரிடம் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ஒரு நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். வாயால் சொன்னதை யாரும் மறுக்கலாம். தேதி போட்ட தாளை மறுக்க முடியாது.

பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. "என் மனு மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று அந்தச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

சிந்தித்துப் பேசுங்கள்

1. ரயில் கம்பெனி ஏன் தோற்றது?
2. வழக்கில் வென்ற ஜமீன்தாருக்கு இருந்த கடமை என்ன?
3. ஏரி பாசனத்துக்குப் பயன்படாவிட்டாலும் ஊருக்கு அதனால் என்ன நன்மை?
4. உங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது? நடந்து போய்ப் பாருங்கள். கண்டதைப் பத்து வரிகளில் எழுதுங்கள்.